விருந்தாளிக்கு விழுந்த திட்டு

அந்தத் தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்றுதான் பெயர். சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் ஃபிட்டராக வேலை பார்த்தே தலை நரைத்தவர். வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டில் இருப்பார், மிச்ச மாசமெல்லாம் தண்ணீரில். மகள் பிறந்தபோது ஒரு கடலில் இருந்தார். அவளுக்குப் பல் முளைத்தபோது இன்னொரு கடலில் இருந்தார். அவள் கல்யாணத்துக்கு மட்டும் எப்படியோ அடித்துப் பிடித்துக் கரை வந்து சேர்ந்தார். மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் லீவு என்று சொல்லிக்கொண்டிருந்த வயசில், அவர் மகள் மட்டும் "எங்கப்பா லீவுல வந்திருக்கார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கம்பெனி "போதும், இனி வீட்டில் இருங்கள்" என்று கைகுலுக்கி அனுப்பியபோது அவருக்கு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லி மல்லுக்கட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனாலும் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் மனசு பஞ்சாகிவிட்டது. இனி மூட்டை கட்ட வேண்டாம், டாட்டா காட்ட வேண்டாம். வாயெல்லாம் பல்லாக வந்து இறங்கினார்.

வீட்டில் ராஜ உபசாரம். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவருக்கு. சோபாவில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற மூலை அவருக்கு. தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று மனைவி, மகள், மாப்பிள்ளை மூன்று பேரும் மூன்று பக்கத்திலிருந்து டம்ளரோடு வந்துவிடுவார்கள். முதல் வாரம் அதெல்லாம் சுகமாகத்தான் இருந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்து மூன்று மாசமாகியும் முடிகிற வழியாக இல்லை. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

வீடு இரண்டாவது மாடியில். கீழே பல் டாக்டரின் கிளினிக். கூடத்தில் பாதியை மனைவியின் தையல் மிஷினும் துணிக்கட்டுகளும் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் திரைச்சீலை தைப்பவள். ஓட்டல், ஆபீஸ், புதுவீடு என்று ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். மகள் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கல்யாணமான நாளிலிருந்தே இந்த வீட்டில்தான் இருக்கிறார்.

மூன்று பேரும் மூன்று திசையில் ஓடினாலும் வீட்டை ஓட்டியது மனைவியின் வாய்தான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு மகளுக்குத் திட்டு. பால் பாக்கெட்டை வெளியே வைத்துவிட்டுத் தூங்கப் போனதற்கு மாப்பிள்ளைக்குத் திட்டு. "எலும்பை எல்லாம் படம் புடிக்கத் தெரியுது, எதிர்ல இருக்குற ஃபிரிட்ஜ் கண்ணுக்குத் தெரியலையா?" என்று அவள் கேட்டால், மாப்பிள்ளை அசடு வழிந்துகொண்டே, "ஃபிரிட்ஜுக்கு எக்ஸ்ரே தேவைப்படல அத்தை" என்பார். சமையலறையே குலுங்கும்.

கப்பல்காரர் சத்தம் கேட்டு எழுந்து அங்கே போவார். வாசற்படியில் அவர் தலை தெரிந்ததும் சிரிப்பு குழாயை மூடினாற்போல் நின்றுவிடும்.

"என்ன விஷயம்?"

"ஒன்னும் இல்லப்பா, சும்மாதான். டீ போடட்டுமா?"

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பழைய வாஷிங் மிஷினுக்குப் பெயர் மேனேஜர். "மேனேஜர் இன்னிக்கு மூட் அவுட்" என்பார்கள். "எந்த மேனேஜர்?" என்று அவர் கேட்பார். விளக்கிச் சொல்வார்கள். விளக்கிச் சொன்ன ஜோக்கும் ஆறிப்போன டீயும் ஒன்றுதான். அவர் மரியாதைக்குச் சிரிப்பார், அவர்களும் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

அவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி வந்தாள், பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு துண்டை எடுத்துக் கொடியில் உலர்த்திவிட்டுப் போனாள். அவருக்கு என்னவோ போல ஆகிவிட்டது. துவைத்த சட்டைகளை அவள் மடித்து அலமாரியில் வைக்கவில்லை, வழக்கம்போல அவருடைய பெட்டியிலேயே வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கித் தரச் சொல்லலாம். சொந்த வீட்டில் அதைக் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது.

ஒரு மத்தியானம் நடக்கக் கிளம்பியவர், வானம் இருட்டிக்கொண்டு வரவே குடை எடுக்கத் திரும்பி வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. மனைவி மிஷினை நிறுத்திவிட்டுத் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடலாம்டி. இது எத்தனை நாளைக்கு? வாயைத் தெறக்க முடியல. வீடு வீடு மாதிரியே இல்ல."

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்த வழியே படியிறங்கிப் போனார். மழை வந்தது, நனைந்தார். பஸ் நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்து, சட்டையைப் பிழிந்துவிட்டு, பெரியகரண்டிக்குப் போன் போட்டார்.

பெரியகரண்டி என்பவர் அவரோடு பல கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். துறைமுகத்துப் பக்கம் ரிட்டையரான மாலுமிகளுக்கென்று இருக்கிற விடுதியில் தங்கியிருந்தார்.

"அங்க இடம் இருக்காப்பா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

பெரியகரண்டி விவரம் தெரிந்தவர், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "என் பக்கத்துக் கட்டில் காலி. ஜன்னலத் தெறந்தா கப்பல் தெரியும். சோறு மட்டும் வாயில வைக்க முடியாது. நான் சமைக்கறேன்னா உள்ளயே விட மாட்டேங்குறானுங்க. வெள்ளிக்கிழமை வா" என்றார்.

அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் கப்பல்காரர் தொண்டையைச் செருமினார். "துறைமுகத்துல ஒரு கம்பெனியில கூப்பிடுறாங்க. புதுசா சேர்ற ஆளுங்களுக்கு இன்ஜின் வேலை சொல்லிக் குடுக்கணுமாம். தங்க எடமும் தராங்க."

மகளின் கை பாதியில் நின்றது. "இந்த வயசுலயாப்பா?"

மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எப்ப கெளம்பணும்?"

"வெள்ளிக்கிழமை."

"சரி" என்றாள். இத்தனை வருஷமும் அவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவள் சொன்ன அதே "சரி". போக வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். அது வராதபோதுதான், அதற்காக எவ்வளவு காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம் என்பது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை இரவு டியூட்டி முடிந்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி திரைச்சீலைக் கொக்கி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டர். தைத்து முடித்த வெள்ளைச் சீலைகள் கூடத்துத் தரையில் விரித்த பாயில் மலைபோல் அடுக்கியிருந்தன.

கப்பல்காரர் பெட்டியை வாசலருகே வைத்துவிட்டுச் சும்மா நின்றார். சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டென்று சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வந்த நாள்முதல் சொட்டுகிறது. மனைவி அதன் கழுத்தில் ஒரு துணிக்கீற்றைக் கட்டி வைத்திருந்தாள். எத்தனை பெரிய இன்ஜினைப் பிரித்து மேய்ந்தவன், போகிற போக்கில் இந்தக் குழாயையாவது சரிபண்ணி வைத்துவிட்டுப் போவோம், நம் பெயரைச் சொல்லும் என்று நினைத்தார்.

பால்கனிக்குப் போய் அங்கிருந்த வால்வை இறுக்கி மூடினார். வந்து குழாயில் ஸ்பானரைப் போட்டுத் திருகினார்.

அவருக்குத் தெரியாத சேதி ஒன்று இருந்தது. பால்கனி வால்வு குளியலறைக்கானது. சமையலறைக்கான வால்வை எப்போதோ ஒரு பிளம்பர் கூடத்துச் சுவருக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். அது துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது மனப்பாடம்.

குழாய் கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே தண்ணீர் பீச்சியடித்தது. உள்ளங்கையால் அடைத்தார், தண்ணீர் முகத்தில் அறைந்தது. துணியைச் சுருட்டித் திணித்தார், துணி பறந்துபோய்ச் சன்னலில் ஒட்டிக்கொண்டது. பால்கனிக்கு ஓடி வால்வை இன்னும் இறுக்கினார். ஓடி வந்து பார்த்தால் தண்ணீர் சமையலறைப் படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வெள்ளைச் சீலை மலையின் அடிவாரம் நனைய ஆரம்பித்திருந்தது. நடுக்கடலில் இன்ஜின் ரூமில் தண்ணீர் புகுந்தபோதுகூட அவர் அப்படிக் கைகால் ஓடாமல் நின்றதில்லை.

கதவு திறந்தது. மனைவி கொக்கிப் பையோடு வாசலில் நின்றாள். ஒரு நொடி பார்த்தாள். பையைப் போட்டாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், துணிக்கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரே திருகு. தண்ணீர் நின்றது.

அப்புறம் அவள் வாய் திறந்தது.

"ஏங்க, மண்டையில மசாலா இருக்கா இல்லையா உங்களுக்கு? அந்தக் குழாய்ல கை வைக்கச் சொல்லி யாரு உங்களக் கேட்டா? சொட்டுனா சொட்டிட்டுப் போகுது! கண்ணு முழிச்சித் தெச்சது எல்லாம் போச்சு! வால்வு எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டா வாயில இருக்குற முத்து உதுந்துடுமா? ஊர்ல இருக்குற கப்பல எல்லாம் கரை சேத்துட்டு, வீட்டுக்கு வந்து வீட்ட முழுக அடிச்சிட்டீங்களே!"

உள்ளறைக் கதவு திறந்து, மாப்பிள்ளை பாதித் தூக்கத்தில் தலையை நீட்டினார். கணுக்கால் தண்ணீரையும் அத்தையின் முகத்தையும் பார்த்துவிட்டு, நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஈரத் துண்டு! யாரும் பாக்கலன்னு நெனச்சீங்களா? சர்க்கரை டப்பாவ மூடுறதே கெடையாது, எறும்பு ஊர்வலம் போகுது. கட்டில்ல ஓரமா, கடன் வாங்கின எடத்துல படுத்த மாதிரி படுக்குறீங்க, நீங்க விழுந்துடுவீங்களோன்னு எனக்குத் தூக்கமே வர்றதில்ல. இப்ப போறாராம், போறார்! போறவரு தாராளமா போங்க. இந்தத் தரையத் தொடச்சிட்டுப் போங்க!"

தரை துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்த கப்பல்காரருக்கு, அந்த நேரத்தில் வரக்கூடாத ஒன்று வந்தது. சிரிப்பு. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கிற்று. நெஞ்சில் மூன்று மாசமாக யாரோ ஏறி உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது. அந்த ஆள் எழுந்து போய்விட்டான்.

"சிரிக்க வேற செய்யுறீங்களா?"

"இல்ல, இல்ல. நீ சொல்லு."

"என்னத்தச் சொல்லறது? தொடைங்க!"

துடைத்தார். மாப்பிள்ளை வாளியோடு வந்து சேர்ந்துகொண்டார். மனைவி நனைந்த சீலைகளை அள்ளிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போன பிறகு, மாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"வாழ்த்துக்கள் மாமா."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"எனக்கு முதல் திட்டு விழ ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் 'மாப்பிள்ளை சாப்பிடுங்க, மாப்பிள்ளை உக்காருங்க'தான். ஆஸ்பத்திரியிலயே தங்கிடலாமான்னுகூட யோசிச்சேன். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு. அத்தை புடிச்சாங்க பாருங்க ஒரு புடி! அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

கப்பல்காரர் துணியைப் பிழிவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தார். இத்தனை நாளும் இந்த மனிதரோடு வானிலையையும் ரத்த அழுத்தத்தையும் தவிர எதுவும் பேசியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கூடம் ஒரு வழியாகக் காய்ந்ததும் அவர் மாடிக்குப் போனார். கொடிகளெல்லாம் நிறைந்து, கைப்பிடிச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியின் மேலும் சீலைகள் கிடந்தன. மனைவி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். திட்டு மழை விட்டும் தூவானம் விடவில்லை. அவர் ஒரு சீலையின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக உதறினார்கள்.

"கறை எதுவும் படல. காஞ்சதும் இஸ்திரி போட்டுக் குடுத்துடலாம்" என்றாள், சற்று இறங்கிய குரலில். "பஸ்ஸுக்கு நேரமாகலையா?"

"வேலையும் இல்ல, ஒன்னும் இல்ல. பொய் சொன்னேன். பெரியகரண்டி இருக்குற விடுதிக்குப் போறதா இருந்தேன்."

அவள் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. "விடுதிக்கா? ஏன்?"

"நீ உன் தங்கச்சிகிட்ட பேசினது காதுல விழுந்துச்சு. வீடு வீடு மாதிரி இல்ல, எத்தனை நாளைக்குன்னு."

அவள் கிளிப்பைக் குனிந்து எடுத்தாள், சீலையில் குத்தினாள், மறுபடி கழற்றினாள்.

"நான் சொன்னது உங்களப் பத்தி இல்ல. என் வாயப் பத்தி" என்றாள் கடைசியில். "நம்ம பொண்ணு சின்னவளா இருக்கும்போதே சொல்லி வச்சிருந்தேன். அப்பா இருக்கப்போறது ஒரு மாசம். அந்த ஒரு மாசம் வீட்ல சண்டை கூடாது, சத்தம் கூடாது, அழுமூஞ்சி கூடாது. கப்பல்ல போயி அவர் நெனச்சுப் பாக்கும்போது எல்லாம் நல்லதா இருக்கணும்னு. அப்படியே பழகிடுச்சு. நீங்க இந்தத் தடவ வந்து ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. எப்ப நிறுத்துறதுன்னு தெரியல. நான் ஒரு சத்தம் போட்டு, நீங்க மனசு ஒடிஞ்சு, கப்பலே தேவலாம்னு கெளம்பிட்டா என்ன பண்றதுன்னு பயம். வாய மூடி மூடி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துடுச்சு."

"நீ சத்தம் போடலன்னுதான் நான் கெளம்பினேன்."

"நல்லாருக்கு கூத்து" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் கலங்கவில்லை. "அதுக்குப் பொய் வேற! கம்பெனி கூப்பிடுதாம், எடம் தராங்களாம். நானும் நம்பிட்டு, உங்களுக்குப் புது பனியன் வாங்கி வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கேட்டா என்ன? போகட்டுமா, இருக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"நீயும் 'இருங்க'ன்னு சொல்லல."

"சொல்லிப் பழக்கம் இல்ல எனக்கு. சொன்னா மட்டும் அப்பல்லாம் இருந்திருப்பீங்களா?"

இருந்திருக்க மாட்டார். அதை அவர் மறைக்கவும் இல்லை. இரண்டு பேரும் அடுத்த சீலையை எடுத்தார்கள்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. பல் டாக்டர் படிக்கட்டின் வளைவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மேல யாருங்க? என் சீலிங்ல தண்ணி ஒழுகுது. பேஷன்ட் வாயத் தெறந்துட்டு உக்காந்திருக்கார், நேரா அவர் வாயிலேயே சொட்டுது!"

மனைவி கணவரைப் பார்த்தாள். "நான் போக மாட்டேன். பண்ணினவங்க போய்ப் பதில் சொல்லட்டும்."

கப்பல்காரர் போனார். டாக்டரிடமும் தாராளமாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஏணி போட்டு ஏறிச் சீலிங்கைத் துடைத்தார். நாற்காலியிலிருந்த நோயாளி பாதி வாய் மரத்த நிலையில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது என்று தோன்றியது. அதையும் கேட்டுக்கொண்டார். மேலே ஏறி வந்து பெரியகரண்டிக்குப் போன் போட்டார்.

"நான் வரல."

"என்ன ஆச்சு?"

"வீட்ல திட்டிட்டாங்க."

பெரியகரண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "குடுத்து வச்ச ஆளுய்யா நீ. என்னைத் திட்ட இங்க வார்டன் மட்டும்தான் இருக்கான், அவனுக்கும் குரல் சரியில்ல. ஒருநாள் வர்றேன். சமையலறையக் காலி பண்ணி வச்சிரு."

சாயங்காலம் மகள் வந்தபோது, அப்பா இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் நின்று "மடிப்பு, மடிப்பு, மடிப்பப் பாத்து" என்று கத்திக்கொண்டிருந்தாள். மகள் கைப்பையோடு அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். விஷயத்தை மாப்பிள்ளைதான் சொன்னார். அவள் உள்ளே போய், தன் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து, பெட்டியிலிருந்த அப்பாவின் சட்டைகளை அடுக்கினாள். அடுக்கிவிட்டு வந்து, "அப்பா, சர்க்கரை டப்பாவ இனிமேலாவது மூடுங்க" என்றாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. முதல் தடவை என்பதால் இருக்கும்.

ஆர்டர் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அந்த ஆபீசுக்காரரிடம் போனில் மன்னிப்புக் கேட்கிற பொறுப்பும் கப்பல்காரர் தலையில்தான் விழுந்தது.

அதற்கப்புறம் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொன்னால் அது கதை. திட்டு வாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. பூட்டிவைத்த வாய் திறந்துகொண்டதும் மனைவி பழைய பாக்கியையும் சேர்த்து வசூலிக்க ஆரம்பித்தாள். சில வாரங்களில் கப்பல்காரருக்கே காது வலித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தையல் மிஷினை ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டால் வெளிச்சம் கிடைக்கும் என்று அவர் சொன்னார். தூசி வரும் என்று அவள் சொன்னாள். வெளிச்சம் என்றார். தூசி என்றாள். உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கூடத்தில் நின்று குரலை உயர்த்தினார்.

"எனக்கா தெரியாது? ராத்திரி பகல் தெரியாத இன்ஜின் ரூம்ல காலம் பூராக் கெடந்தவன் நான். வெளிச்சத்தப் பத்தி எங்கிட்ட பேசாத!"

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். மனைவி அசரவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாரானாள். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஜன்னல் பக்கம் இழுப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், அடுப்பில் வைத்த டீ பொங்கி வழிந்தது. அது யார் வைத்த டீ என்று அடுத்த சண்டை ஆரம்பமாயிற்று.